விரலைக் கேட்கிற ஸ்கிரிப்ட்

என் மேசையில் ஒரு கலண்டர் தாள் கிடக்கிறது. செட்டியார் தெரு நகைக்கடை ஒன்றினுடையது. முன்பக்கத்தில் கழுத்து நிறைய நகை போட்ட பெண். அவளுடைய நெற்றி, கன்னம், அட்டியல் எல்லாம் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி குழியாக இருக்கிறது. அச்சு மை வாசம் இன்னும் போகவில்லை. திருப்பினால் வெள்ளைப் பக்கம். அதில்தான் புள்ளிகள் எழும்பி நிற்கின்றன. பத்தாம் தரக் கணிதப் புத்தகம், முக்கோணிகள் பாடம், முதல் பக்கம். உன் அக்கா கொடுத்து விட்டிருக்கிறா. “அவனுக்குக் காட்ட ஏலாது, நீயாவது வச்சிரு” என்றா.

சுற்றி வளைக்க எனக்குப் பொறுமை இல்லை என்று உனக்குத் தெரியும். விஷயத்தைச் சொல்கிறேன். பில்ட் ஆகுது மச்சான். நம் மென்பொருளைப் புதுக் கணினியில் கட்டி ஓட்டலாம், எந்தத் திருகுதாளமும் இல்லாமல், நீ இல்லாமல்.

இந்தச் சண்டையில் நான்தான் வென்றிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்த மடல். நீ இருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டாய். இல்லாதபடியால் நான் சொல்வதை முழுக்கக் கேட்டாக வேண்டும்.

கடதாசி இல்லாத அந்த வருடம் ஞாபகம் இருக்கிறதா? பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, கரண்ட் வருகிற நேரம் தெரியாது. பள்ளிக்கூடங்களுக்கே கேள்வித்தாள் அடிக்கப் பேப்பர் இல்லாதபோது, வெளியிலிருந்து வருகிற பிரெய்ல் தாளுக்கு எங்கே போவது? கொட்டாஞ்சேனையில் உங்கள் வீட்டு முன்னறையில் விரலால் தடவி வாசிக்கிற பிரெய்ல் எழுத்தை அடிக்கிற அக்காவின் புள்ளி மெஷின் சும்மா கிடந்தது. பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகம் அடித்துக் கொடுக்கிற அக்கா, தானும் பார்வையில்லாதவ, மெஷினுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு வாற போற எல்லாரையும் ஏசிக்கொண்டிருந்தா.

அப்போது ஒரு பகல் நீ மட்டக்குளி பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு வந்தாய். கக்கத்தில் பழைய கலண்டர்கள் ஒரு கட்டு. எங்கள் வீட்டு வாசலிலேயே நின்று விளக்கம் சொன்னாய். தடித்த தாள். ஒரு பக்கம் வெறுமை. எல்லாக் கடையிலும் எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஜனவரி போன பிறகு ஜனவரியை ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இதைவிட்டு என்னத்தைத் தேடுகிறோம் என்று கேட்டாய். நான் பைத்தியம் என்றேன். அடுத்த சனிக்கிழமை உன்னோடு செட்டியார் தெருவில் நின்றேன்.

கடை கடையாக ஏறினோம். ஒவ்வொரு முதலாளியும் ஒரே பதில்தான் சொன்னார்: இருக்கு தம்பி, நல்ல தடிப்பான தாள், எடுத்துக்கிட்டுப் போங்க. நீ எடுத்துக்கொண்டு போகவில்லை. மை முடிந்த போல்பேனை ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, தாளின் மூலையை உள்ளங்கையில் கவிழ்த்து, ஒரு குத்துக் குத்திவிட்டு, மறுபக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தாய். புள்ளி நின்றால் எடுத்தாய். அமுங்கினால் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்தாய். ஒரு முதலாளிக்குக் கோபமே வந்துவிட்டது.

“ஓசியில குடுக்குற சாமானுக்கு இம்புட்டுச் சோதனையா தம்பி?”

“உங்கட கண்ணுக்கு எண்டா நான் பாக்காமலே எடுத்துருவன் ஐயா. இது எங்கட அக்காட விரலுக்கு.”

அவர் சிரித்துவிட்டு உள்ளே போய்த் தேத்தண்ணி சொன்னார். இறங்கி வரும்போது எனக்குச் சொன்னாய்: “இருக்கா எண்டு கேட்டா எல்லாரும் ஓம் எண்டுதான் சொல்லுவினம். குத்திப் பாக்க வேணும்.” நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெயில் எனக்கு மண்டைக்குள் ஏறியிருந்தது.

அந்த மெஷின் நல்ல பிரெய்ல் தாளுக்கென்று செய்தது. கலண்டரின் வழுவழுப்பில் அதன் அடி ஏறவில்லை. புள்ளிகள் நோஞ்சானாக வந்தன. நீ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ செய்தாய். மறுகிழமை புள்ளிகள் மிளகு மாதிரி நின்றன. என்ன செய்தாய் என்று நான் கேட்கவில்லை, நீ சொல்லவுமில்லை. தமிழ் எழுத்தைப் புள்ளியாக மாற்றுகிற மென்பொருளின் பெரும்பகுதியை நீதான் எழுதினாய். நான் கணித வடிவங்கள் கீறுகிற பகுதியை எழுதினேன். ஓடியது. அக்கா அடித்தா. பிள்ளைகள் படித்தார்கள். அந்த நாட்களில் அதற்கு மேல் ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை.

நான் கேட்டேன். ஒரு மென்பொருள் தனியாக நிற்பதில்லை, அதற்குக் கீழே வேறு ஆட்கள் எழுதிய லைப்ரரிகள் ஒரு பட்டாளம் நிற்கிறது. எழுத்தை மாற்ற ஒன்று, மெஷினோடு கதைக்க ஒன்று. உன் லாப்டொப்பில் அதெல்லாம் எங்கே இருக்கிறது என்று உனக்கு மட்டும்தான் தெரியும். டேட்டா காசுக்குப் பயந்து நான் வேலை செய்கிற கந்தோரிலிருந்து பென்டிரைவில் கொண்டுபோய், நினைத்த இடத்தில் போட்டு, நினைத்தபடி இணைத்து வைத்திருந்தாய். இதையே வேறு கணினியில் கட்டுவதென்றால் முன்னால் ஒரு ஸ்கிரிப்ட் போய்ப் பார்த்துவர வேண்டும்: இது இருக்கிறதா, அது இருக்கிறதா, இல்லையென்றால் எதைப் போட வேண்டும். உலகம் முழுக்க எழுதுகிற சாதாரண சாமான். எழுதடா என்றேன். ஒவ்வொரு முறையும் நீ சொன்ன பதில் ஒன்றுதான்.

“அதுக்கு நான் இருக்கிறன்தானே.”

பாமன்கடையில் நம் வகுப்புத் தோழனின் கல்யாணம். கையில் சோற்றுத் தட்டோடு நிற்கிறோம். உன் போனுக்கு அக்காவின் கோல் வருகிறது. லாப்டொப் தானாக ஏதோ அப்டேட் பண்ணிவிட்டு, மென்பொருள் திறக்கமாட்டேன் என்கிறது. நீ தட்டை என் கையில் தந்துவிட்டு, வாயில் சோற்றோடு கட்டளைகளைச் சொல்லிக்கொண்டு போனாய். ஸ்லாஷ் அக்கா. இல்லை, மற்றப் பக்கம் சாய்கிற ஸ்லாஷ். இப்ப என்ன சொல்லுது? முழுக்க வாசியுங்கோ. மாப்பிள்ளை பெண்ணோடு படம் எடுக்கக் கூப்பிடுகிறார்கள், நீ தூணோடு சாய்ந்து நின்று ஸ்லாஷ் சொல்கிறாய். எனக்கு ஆத்திரம் வந்தது.

“இதை ஒருக்கா எழுதி வச்சா என்னடா உனக்கு?”

“எழுதி வச்சா அவ எனக்குக் கோல் எடுக்க மாட்டா மச்சான்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாய். நானும் பகிடி என்று சிரித்தேன். அது பகிடி இல்லை என்று இப்போது தெரிகிறது. தெரிந்தும் நான் சொல்வதை மாற்றப் போவதில்லை: எழுதியிருக்க வேண்டும்.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. மழைக்குப் பிறகு கொழும்பில் எல்லாருக்கும் வருகிற காய்ச்சல்தானே என்றாய். மாதம்பிட்டிச் சேமக்காலையில் உன் குழிக்கு மண் போட்டுவிட்டு வந்து உங்கள் முன்னறையில் இருந்தேன். ஆட்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தார்கள். மூலையில் மாதா சுருவத்துக்குக் கீழே உன் லாப்டொப் மூடாமல் கிடந்தது. அதைப் பற்றி மேலே எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

அக்கா நிறுத்தவில்லை. நீ விட்டுப் போன லாப்டொப்பிலேயே அடித்துக்கொண்டிருந்தா. அப்டேட் பண்ணவா என்று அது கேட்டால் எப்போதும் வேண்டாம் என்றா, இணையத்தில் இணைக்கவே இல்லை. அது ஒரு வருடத்துக்கு மேல் தாக்குப் பிடித்தது. பிறகு சூடேறி நிற்கத் தொடங்கியது. வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த திருத்துகிறவரிடம் கொண்டுபோனேன். திறந்து பார்த்துவிட்டு, தலையைக்கூட நிமிர்த்தாமல், சிங்களத்தில், “மல்லி, மேக்க இவரய்” என்றார். முடிந்தது என்று எனக்கும் பார்க்கவே தெரிந்தது. அதற்குப் பிறகு அக்கா மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்து, ஒவ்வொரு பக்கமாக அடித்து எடுத்தா.

புத்தகங்களைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற நிலையம் நல்ல கணினி ஒன்று வாங்கித் தந்தது. கூடவே ஒரு செய்தியும் வந்தது. அடுத்த பள்ளித் தவணைக்கு முன்னால் இது ஓடாவிட்டால், தமிழ்ப் புத்தகங்களை இனி அடிக்கப் போவதில்லை. யாரையாவது வாசிக்கச் சொல்லி ஒலிப்பதிவாகக் கொடுக்கப் போகிறார்கள். கெட்ட மனம் ஒன்றுமில்லை அவர்களுக்கு. அவர்களுக்கு அது சுலபம். அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினா.

“கணக்கைக் காதால படிக்கிறதோ? முக்கோணியை ஆரும் காதுக்குள்ள கீறிக் காட்டுவினமோ?”

நான் பார்க்கிறேன் அக்கா, அவன் எழுதினதெல்லாம் எனக்கும் பாதி தெரியும், தேவையென்றால் திரும்ப எழுதித் தருகிறேன் என்று ஏதோ சொன்னேன்.

“அவன் செய்ததை நீ செய்யத் தேவையில்லை. அவன் செய்யாததைச் செய்து தா.”

அதுதான் வேலை உத்தரவு. நான் இவ்வளவு தெளிவான உத்தரவைக் கந்தோரில் ஒருநாளும் வாங்கியதில்லை.

சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். உன் லாப்டொப்பைத் திறந்து பார்த்தபோது, நீ உயிரோடு இருந்திருந்தால் அடித்திருப்பேன். ‘புதுசு’ என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் ‘சரியான புதுசு’. அதற்குள் ‘இதைத் தொடாதே’. ஒரே லைப்ரரியின் வெவ்வேறு வேர்ஷன்கள் வெவ்வேறு இடங்களில் ஒளித்துக் கிடந்தன. எது உண்மையில் பாவிக்கப்படுகிறது என்று பார்க்க ஒவ்வொன்றாகத் தூக்கித் தள்ளிவைத்து, மென்பொருள் விழுகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. விழுந்தால் அது தேவை. விழாவிட்டால் குப்பை. இடையில் லாப்டொப்பே சூடேறி விழும். அப்போது எது விழுந்ததென்று யாருக்குத் தெரியும்? விசிறியைக் கிட்ட இழுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன்.

கிடைத்த ஒவ்வொன்றையும் ஸ்கிரிப்ட்டில் சேர்த்தேன். முதல் முறை புதுக் கணினியில் ஓட்டியபோது, திரை வாசிக்கிற மென்பொருள் ஸ்கிரிப்ட்டின் ஒவ்வொரு வரியையும் இங்கிலீசில் மூச்சுவிடாமல் ஒப்புவித்தது. செக்கிங் இது, யெஸ். செக்கிங் அது, யெஸ். அக்கா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் காதுக்குள் இருந்ததைக் கழற்றி மேசையில் வைத்தா. “இது என்ன, கிரிக்கெட் வர்ணனையோ? இல்லாததை மட்டும் சொல்லச் சொல்லு. தமிழில சொல்லச் சொல்லு.” மாற்றினேன். எல்லாம் சரியென்றால் இப்போது ஸ்கிரிப்ட் வாய் திறக்காது. ஏதாவது இல்லையென்றால் மட்டும், இன்னது இல்லை, இந்தக் கட்டளையைக் கொடு என்று தமிழில் சொல்லும். பிழைச் செய்தியைத் தமிழில் எழுதுவது வீண்வேலை என்று உன்னோடு வாதாடிய அதே ஆள்தான் எழுதினேன். சிரி.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நீ எழுதிய மென்பொருளில் எந்தப் பிழை வந்தாலும் கடைசியில் ஒரே வசனம் வரும்: சரிவராட்டி எனக்குக் கோல் எடு. எல்லா இடத்திலும் போட்டு வைத்திருந்தாய். பிழைச் செய்தி என்றால் செய்ய வேண்டியதைச் சொல்ல வேண்டும். எடுக்க முடியாத கோலைச் சொல்லக் கூடாது. அதனால் அழித்தேன். ஒரே கட்டளையில் அவ்வளவையும் அழித்திருக்கலாம். ஒவ்வொன்றாகப் போய்த்தான் அழித்தேன்.

ஒரு சனிக்கிழமை ஸ்கிரிப்ட் வாய் திறக்கவில்லை. இல்லாதது ஒன்றுமில்லை என்று அர்த்தம். புதுக் கணினியில் மென்பொருள் முழுக்கக் கட்டி முடிந்தது, ஒரு எரர் இல்லை. நான் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பி அக்காவைக் கூப்பிட்டேன். மெஷினைப் போட்டோம். அது தடதடவென்று அடித்துத் தாளைத் தள்ளியது. எடுத்து வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தேன். வரிசை வரிசையாகப் புள்ளிகள். முக்கோணியும் தெரிந்தது. வந்துட்டுது அக்கா என்று தாளைக் கொடுத்தேன்.

அவ மடியில் வைத்து விரலை ஓட்டினா. ஒரு வரி. திரும்ப அதே வரி. தாளைத் திருப்பிப் பார்த்தா. பிறகு என் பக்கம் நீட்டினா.

“இது வெறும் தாள்.”

இல்லை அக்கா, எனக்குப் புள்ளி தெரியுது என்றேன்.

“உனக்குத் தெரியும். நீயே வச்சுப் படி.”

புதுக் கணினி கூடாது, திருப்பிக் கொடுத்துவிடு என்று தொடங்கிவிட்டா. கணினியில் பிழையில்லை என்றேன் நான். உன் லாப்டொப்பை மறுபடி விசிறிக்கு முன்னால் வைத்து, அதே மெஷினில் அதே பக்கத்தை அடித்தோம். மிளகு மாதிரிப் புள்ளிகள். அப்போ பிழை கணினியிலும் இல்லை, மெஷினிலும் இல்லை. என் ஸ்கிரிப்ட்டில்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது கோட்டையைத் தாண்டியும் எனக்கு அது பிடிபடவில்லை. மெஷினோடு கதைக்கிற லைப்ரரி அங்கேயும் இருக்கிறது, இங்கேயும் இருக்கிறது. பெயர் ஒன்று. வேர்ஷன் இலக்கம் ஒன்று. ஸ்கிரிப்ட் பெயரைக் கேட்டது, ஓம் என்றது. இலக்கத்தைக் கேட்டது, ஓம் என்றது. எல்லாரும் ஓம் என்றுதான் சொல்லுவினம்.

கொள்ளுப்பிட்டியில் பஸ் நின்றபோது உறைத்தது. நீ அந்த லைப்ரரியை உடைத்துத் திறந்திருக்கிறாய். கதவைச் சாத்திக்கொண்டு செய்த வேலை அதுதான். கலண்டர் தாளுக்கென்று உள்ளே கைவைத்துவிட்டு, பெயரையும் இலக்கத்தையும் அப்படியே விட்டிருக்கிறாய். உலகத்தில் எவன் கலண்டரில் பிரெய்ல் அடிக்கிறான், இந்த மாதிரிப் பிழை விட? நாம்தான்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு லைப்ரரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவற்றுக்குள் இருக்கிற செயல்களின் பெயர்களை வரிசையாக எடுத்துப் பார்த்தேன். எல்லாம் இங்கிலீசுப் பெயர்கள். உன்னுடையதில் மட்டும் ஒன்று கூடுதலாக இருந்தது. இங்கிலீசு எழுத்தில் எழுதியிருந்தாலும் தமிழ்ச் சொல்: இன்னும் அடி. நான் அந்த முன்னறையில் தனியாகச் சிரித்தேன். அக்கா குசினியிலிருந்து என்னவென்று கேட்டா. சொன்னேன். அவவும் சிரித்தா.

அதை நீ எழுதிய மூல வரிகள் எங்கேயும் இல்லை. நீ வைத்திருக்கவில்லை, அல்லது வைத்த இடம் உன்னோடு போய்விட்டது. பழைய கணினிக்கென்று கட்டியது புதியதில் ஏறாது. ஆனால் அந்தச் செயல் மெஷினுக்கு என்ன சொல்கிறது என்று ஒட்டுக்கேட்கலாம்தானே. உன் லாப்டொப்புக்கும் மெஷினுக்கும் நடுவில் போகிற ஒவ்வொரு எழுத்தையும் பிடித்துப் பார்த்தேன். பக்கம் தொடங்க முன்னால் சின்னதாக ஒரு செய்தி போகிறது: சுத்தியல் பலத்தைக் கூட்டு, தாளை மெல்லமாகத் தள்ளு. அவ்வளவுதான். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அதை எழுதி முடித்துவிட்டேன். இப்போது அது யாருடைய லைப்ரரிக்குள்ளும் ஒளிந்திருக்கவில்லை. நம் மென்பொருளோடேயே இருக்கிறது. பெயரை மட்டும் மாற்றவில்லை.

ஸ்கிரிப்ட்டைத் திரும்ப எழுதினேன். இந்த முறை பெயர் கேட்கவில்லை, இலக்கம் கேட்கவில்லை. ஒவ்வொரு லைப்ரரிக்கும் கையளவு சோதனைப் புரோகிராம் ஒன்றை எழுதி, அதை அங்கேயே கட்டி, அங்கேயே ஓட்டி, செய்கிறாயா என்று பார்க்கச் சொன்னேன். செய்தால்தான் உள்ளே. சும்மா இருப்பதெல்லாம் கணக்கில் இல்லை. செட்டியார் தெருவில் போல்பேனையால் உனக்குச் செய்யத் தெரிந்த வேலையைக் கணினிக்குள் ஏன் செய்யாமல் விட்டாய் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கடைசிச் சோதனைதான் என் பெருமை. ஸ்கிரிப்ட் தன்னிடம் உள்ள சொற்களில் ஏதோ ஒன்றைத் தானே தேர்ந்து, மெஷினில் கலண்டர் தாளில் அடிக்கும். பிறகு நின்று கேட்கும்: விரலால் வாசித்து, அந்தச் சொல்லை இங்கே எழுதவும். வாசிக்க முடிகிறதா, ஓமா இல்லையா என்று கேட்காது. சரியான சொல் வராவிட்டால் அடியைக் கொஞ்சம் கூட்டி, வேறு சொல் அடித்து, மறுபடி கேட்கும். விரல் சரியென்று சொல்லும்வரை கட்டவிடாது. அடித்த தாளோடு கொண்டுபோய்க் கந்தோரில் ஒரு நண்பனுக்குக் காட்டினேன். சிஸ்டத்தைச் சரிபார்க்கிற ஸ்கிரிப்ட் ஆளை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறதா, எந்தப் புத்தகத்தில் இருக்கிறது இது என்றான். எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றேன். அவனால் அதைத் தாண்ட முடியவில்லை. என்னாலும் முடியாது, எனக்கும் பிரெய்ல் வாசிக்கத் தெரியாது. கண் தெரிந்தவனுக்கு அந்த ஸ்கிரிப்ட் வழிவிடாது.

கட்டுகிற அன்று அக்கா என்னை வாசற்படிக்கு அனுப்பிவிட்டா. பக்கத்தில் நிற்கவும் கூடாது, மூச்சுவிடவும் கூடாது. ஏதாவது இல்லையென்றால் ஸ்கிரிப்ட் சொல்லட்டும், உன் வாயை நம்பித்தான் இவ்வளவு காலம் கெட்டது என்றா. உன் வாய் என்று அவ சொன்னது என்னை இல்லை, உன்னை. நான் வாசலில் இருந்துகொண்டு கீபோர்ட் சத்தத்தை எண்ணாமல் இருக்கப் பார்த்தேன். ஒருதரம் ஸ்கிரிப்ட் ஏதோ இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். கட்டளை அடிக்கிற சத்தம் கேட்டது, பிறகு அமைதி. பிறகு மெஷின் ஒரே ஒரு வரி அடித்தது.

“பலாப்பழம்,” என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. “பாடப் புத்தகத்துக்கு இது என்ன சொல்லடா?”

அவ எழுதினா. வழி விட்டது. கட்டி முடிந்தது. மெஷின் தொடங்கியது, இந்த முறை நிற்கவில்லை. நான் உள்ளே போனபோது அக்கா முதல் தாளை மடியில் வைத்திருந்தா. விரல் வரிகளில் ஓடி, படத்துக்கு வந்து, அடிப்பக்கத்தின் வழியே மெல்லப் போய், மூலையில் நின்றது. அங்கிருந்து சாய்வாக மேலே ஏறி, உச்சியில் நின்றது. இறங்கித் தொடங்கிய இடத்துக்கே வந்தது.

“மூண்டு மூலையும் இருக்கு,” என்றா.

எழும்பிப் போய், கை வைத்துத் தேடி, உன் லாப்டொப்புக்கு முன்னால் சுழன்றுகொண்டிருந்த மேசை விசிறியை நிறுத்தினா.

புத்தகம் தவணைக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒலிப்பதிவுக் கதையை நிலையத்தில் யாரும் இப்போது எடுப்பதில்லை. அக்கா விஞ்ஞானப் புத்தகத்தைத் தொடங்கிவிட்டு, தவளையின் படத்தை நான் இன்னும் கீறித் தரவில்லை என்று கண்டபடி பேசுகிறா.

இன்னும் ஒன்று இருக்கிறது. மட்டக்களப்பில் அக்காவைப் போலவே பாடப் புத்தகம் அடிக்கிற ஒரு ரீச்சர் இருக்கிறா. நிலையத்தின் மூலம் மென்பொருளை அவவுக்கு அனுப்பினோம். உன்னைத் தெரியாது, என்னைத் தெரியாது. அவவின் மெஷின் வேறு, கணினி வேறு, கலண்டரும் வேறு கடையுடையதாகத்தான் இருக்கும். இன்றைக்குக் கட்டப் போவதாகச் செய்தி வந்த நாளில் நான் லீவு போட்டேன். போனை மேசையில் வைத்துக்கொண்டு இருந்தேன். காலையில் கோல் வரவில்லை. மத்தியானமும் வரவில்லை. விழுந்துவிட்டது, வெறுத்துப்போய் விட்டுவிட்டா என்றே நினைத்தேன். பின்னேரம் பொறுக்க முடியாமல் நிலையத்தில் நம்பர் வாங்கி நானே அவவுக்கு எடுத்தேன். மிஸ், பிரச்சினை ஏதும் வந்துதா என்று கேட்டேன்.

“என்ன பிரச்சினை? அது காலமையே முடிஞ்சிட்டே. நான் இப்ப ரெண்டாம் பாடம் அடிச்சுக்கிட்டு இரிக்கன். நீங்க ஆரு கதைக்கிற?”

பின்னால் மெஷின் அடிக்கிற சத்தம் கேட்டது. நல்ல அடி. சும்மா கேட்டனான் மிஸ் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பெயர் சொல்லவில்லை. உன்னுடையதும் சொல்லவில்லை. வெள்ளவத்தைக் கடற்கரையில் ரயில் தண்டவாளத்தைக் கடந்து போய்க் கல்லில் இருந்தேன். இவ்வளவு சந்தோசத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் இருக்க முடியவில்லை.

நீ உன்னை எல்லாவற்றுக்குள்ளும் வைத்துத் தைத்தாய். அது அன்புதான், மறுக்கவில்லை. நான் வேறு மாதிரிக் கற்றுக்கொண்டேன். இப்போது எதை எழுதி முடித்தாலும், கந்தோர் வேலையாக இருந்தாலும் சரி, அக்காவின் தவளையாக இருந்தாலும் சரி, முதலில் என்னை அதிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் ஓட்டிப் பார்க்கிறேன்.

ஓடுது மச்சான்.